அணியத்துக்கு ஓர் ஆள்

நாயை முதலில் நிழலில் கட்டுங்கள், தம்பி. அங்கே வேண்டாம், அங்கே சிப்பி கிடக்கிறது, காலைக் கிழித்துவிடும். அந்தப் பூவரசுக்குக் கீழே கட்டுங்கள். கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். ஆற்றுத் தண்ணீரை நக்க விடாதீர்கள், முழுக்க உப்பு. நான் வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன், இந்தச் சட்டியில் ஊற்றி வையுங்கள். நாயோடு வருகிறேன் என்று போனில் சொன்னீர்களே, அதனால் எடுத்து வந்தேன்.

தோணி இதுதான். மழை விழாமல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சந்தானம்தான் என் நம்பரைக் கொடுத்திருப்பான். அவன் பட்டறையில் செய்த ஃபைபர் தோணி. ஒற்றை ஆளும் ஒரு நாயும் போவதற்கென்று பார்த்துப் பார்த்து வாங்கியது இந்த உப்பனாற்றங்கரையிலேயே இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இரண்டு ஆள் தோணி, மூன்று ஆள் தோணி. நான் இதை வாங்கியபோது துறையே கூடிநின்று சிரித்தது. சிரிக்கட்டும். எனக்கு என்ன வந்தது?

ஏன் விற்கிறேன் என்று கேட்பீர்கள். முழங்கால் வலி. இதில் காலை மடக்கித்தான் உட்காரவேண்டும். உங்களுக்கு வயது இருக்கிறது, மடக்குவீர்கள். எனக்கு நாற்பத்தெட்டு ஆகிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. துறையில் யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள்தான், ஆனால் தோணி விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷம் நண்டு வலை போட்டிருக்கிறேன். அப்போது எங்களுடையது பெரிய மரத்தோணி. நானும் கோசலையும் போவோம். கோசலை என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி. இரண்டு பேரும் கொச்சியில் விசைப்படகில் இருக்கிறார்கள், பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் வருவார்கள். மீதி நாளெல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான்.

தோணியின் முன்மூக்கை நாங்கள் அணியம் என்போம். கோசலை அணியத்தில் உட்காருவாள், நான் பின்னால் நின்று கழி ஊன்றுவேன். முன்னால் இருப்பவள் வலையைத் தூக்கும்போது பின்னால் இருப்பவள் தோணியை அசையாமல் நிறுத்தவேண்டும். அதற்கு வாயைத் திறக்கவே வேண்டாம். அவள் தோள் இறங்குவதைப் பார்த்தே நான் கழியை ஊன்றிவிடுவேன். இருபத்திரண்டு வருஷம் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். ரவிக்கையில் எந்த இடத்தில் கிழிந்து தைத்திருக்கிறாள் என்றுகூடச் சொல்வேன்.

நாய் எங்கள் நாய். கருவாயன் என்று பெயர். உடம்பு செவலை, வாய் மட்டும் கறுப்பு. ஆற்றுக்கு நடுவே சேற்றுத் திட்டில் குட்டியாகக் கிடந்தான், கோசலைதான் இறங்கி முந்தானையில் சுற்றி எடுத்துவந்தாள். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உண்ணி பிடுங்கியது யார்? காலில் முள் குத்தினபோது டவுன் ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனது யார்? சோறு அவள் போட்டாள், சரி. சோறு யார் வேண்டுமானாலும் போடலாம்.

சரி, அது கிடக்கட்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மழை முடிந்து நண்டு ஏறுகிற நேரம். அந்த இரண்டு மாதத்தில் பிடித்தால்தான் உண்டு. அந்த நேரம் பார்த்து கோசலையின் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. இவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"பத்தே நாளு, அக்கா. புள்ளையைப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"போ, வலை என்னா ஓடியா போவுது" என்று மட்டும் சொன்னேன். அதில் என்ன தப்பு?

பத்து நாள் போயிற்று. இருபது நாள் போயிற்று. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், தாயைக்கூடத் தொட விடவில்லை என்கிறாள். டாக்டர் இருக்கிறார், நர்சுகள் இருக்கிறார்கள், சம்பந்தி வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். இவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாள்? கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கு எத்தனை பேர் வேண்டும்? இங்கே நான் ஒருத்தி அவ்வளவு பெரிய தோணியை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். கழியைப் பிடித்தால் வலையைத் தூக்க முடியாது, வலையைத் தூக்கினால் தோணி ஒரு பக்கம் போகிறது. கருவாயன் ஒருவன்தான் துணை. அவனும் அணியத்தில் அவள் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆற்றையே பார்க்கிறான்.

ஒருநாள் போனில் கேட்டேவிட்டேன். "ஏண்டி, புள்ள பெத்தவ எல்லாரும் அம்மாவ பக்கத்துலயே வெச்சிக்கிட்டா பெத்தாளுவ? சீசன் போயிட்டா நீ தருவியா, ஒம் மவ தருவாளா?"

அவள் சொன்னாள். "விடுக்கா. ஒனக்குப் புரியாது."

அவ்வளவுதான் சொன்னாள். நான்கூட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரிந்ததுதானே, அவள் சொல்லித்தானா தெரியவேண்டும்? ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஒரே தோணியில் போனவள். என் மாமியார் சொல்லவில்லையா அதை, என் வீட்டுக்காரரே குடித்துவிட்டுச் சொல்லவில்லையா? அவர்கள் சொன்னபோதெல்லாம் இவள்தான் நடுவில் வந்து சண்டை போட்டவள். அவள் வாயிலிருந்து வந்தது. சரி.

போனை வைத்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை, வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலையிலேயே கருவாயனை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சந்தானம் பட்டறைக்குப் போனேன். அவன் பட்டறைக்குப் பின்னாலேயே வாய்க்கால் ஓடுகிறது, தோணியைத் தண்ணீரில் விட்டே பார்க்கலாம். நீங்களும் வேறெங்கே பார்த்தாலும் தண்ணீரில் விட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். தரையில் எல்லாத் தோணியும் நல்ல தோணிதான்.

சந்தானம் கேட்டான், "இன்னாம்மா, ஆளுக்குப் பதிலா நாயைக் கூட்டியாந்திருக்க?"

"இவன்தான் ஆளு. இவனுக்கும் எனக்கும் ஏத்த மாதிரி ஒண்ணு காட்டு."

முதலில் ஒன்று காட்டினான். அடி உருண்டை. வேகமாகப் போகும், ஆனால் நாய்க்கு ஆகாது. கருவாயன் அதில் ஏறி ஒருமுறை சுற்றிப் படுத்தான், தோணி தாலாட்டு ஆடியது. ஒரு கொக்கைப் பார்த்து எழுந்து நின்றான், அவ்வளவுதான், பாதி வாய்க்கால் உள்ளே வந்துவிட்டது. நாய் சும்மா இருக்காது, தம்பி. எவ்வளவு பழக்கினாலும் கொக்கைப் பார்த்தால் எழுந்திருக்கும். அதனால் அடி தட்டையாக இருக்கவேண்டும். அதை மறக்காதீர்கள்.

இரண்டாவது அடி தட்டை. அகலம், நீளம் எல்லாம் நன்றாக இருந்தது. கருவாயன் அதில் இப்படியும் அப்படியும் நடந்தான், ஆடவே இல்லை. நானும் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். அப்போது சந்தானம் சொன்னான், "இதுன்னா நாளைக்கே கோசலை வந்தாலும் ரெண்டு பேரும் தாராளமா போலாம்மா."

நான் கீழே இறங்கிவிட்டேன். "இது வேணாம். வேற காட்டு" என்றேன். கனமாக இருந்தது, கரையில் தனியாக இழுக்கமுடியாது. அதற்காகத்தான்.

மூன்றாவது இது. யாரோ கேட்டுச் செய்துவிட்டு வாங்காமல் போனது. குறுக்கே பாருங்கள், இரண்டரை அடிதான். பின்னால் ஒருவர் உட்காரலாம். முன்னால் ஒரு நாய் படுக்கலாம், மனுஷர் உட்கார முடியாது. கருவாயன் ஏறி அணியத்தில் அச்சு வார்த்தது மாதிரிப் படுத்தான். நான் துடுப்பைப் போட்டேன், ஊசி மாதிரிப் போயிற்று. சந்தானம் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"எம்மா, இது அவன் எடைக்குத்தான் சமமா நிக்குது. ஒருநாள் நாய் வரலேன்னா அணியம் தூக்கிக்கும். காத்து அடிச்சா ஒன்ன சுத்தி வுட்டுரும், பாத்துக்கோ."

"நாய் எங்க போவப்போவுது?" என்றேன். "மனுசன்தான் போவான்."

மரத்தோணியை அவனிடமே தள்ளிவிட்டேன். என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது, என் இஷ்டம். கோசலையிடம் கேட்டிருக்கலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் போனை எடுத்தால்தானே கேட்பதற்கு? நான் கூப்பிடவில்லை, அது வேறு. கூப்பிட்டிருந்தாலும் எடுத்திருக்கமாட்டாள்.

இனிமேல் சொல்வதுதான் துறையில் பெரிய பேச்சாகிவிட்டது. எங்கள் துறையில் ஒரு வழக்கம். புதுத் தோணி இறக்கும் அன்றைக்கு அணியத்தில் யாரை உட்காரவைத்துப் பொட்டு வைக்கிறோமோ, அவர்தான் அந்தத் தோணிக்குக் கூட்டாளி. உட்காராமல் தோணியை இறக்கக்கூடாது. வெறும் அணியத்தோடு இறக்கினால் அந்தத் தோணிக்கு ஆள் தங்காது என்பார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவர் இருக்கும்வரை அந்த இடத்தில் இன்னொருவர் உட்காருவதில்லை. மரத்தோணி இறக்கினபோது கோசலை உட்கார்ந்தாள். அப்போது அவள் புதுப்பெண், மூன்று மாதமோ என்னவோ முழுகாமல் இருந்தாள், பொட்டு வைக்கும்போது சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கினாள்.

இந்தத் தோணியை இறக்குகிற அன்றைக்கு நான் யாரை உட்காரவைப்பது? துறையில் எங்களைப் போலவே நண்டு பிடிக்கிற அமிர்தவல்லி ஒரு வார்த்தை சொன்னாள், "கோசலை வர்ற வரைக்கும் பொறேண்டி." நான் எதற்காகப் பொறுக்கவேண்டும்? கருவாயனைத் தூக்கி அணியத்தில் வைத்தேன். நெற்றியில் குங்குமம் வைத்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கித் தண்ணீரில் தள்ளினேன்.

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அமிர்தவல்லி என்னைப் பார்த்து, "கோசலையை நாயின்னு சொல்றியா, நாயைக் கோசலைன்னு சொல்றியா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லையே! உட்கார ஒரு உயிர் வேண்டும், உட்காரவைத்தேன். நாய்க்குப் பொட்டு வைத்தால் என்ன தப்பு? நீங்களே சொல்லுங்கள். நீங்கள் உங்கள் நாய்க்குச் சட்டையே போட்டிருக்கிறீர்கள்.

அதற்கப்புறம் இருபது நாள் எங்களுக்கு நல்ல காலம். அவன் முன்னால், நான் பின்னால். நான் பேசினால் காதை மட்டும் பின்னால் திருப்புவான். வலையைப் பக்கவாட்டில் தூக்கப் பழகிக்கொண்டேன். முன்பு பிடித்ததில் பாதி கிடைத்தது. பாதி போதும்.

கோசலை ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். நான் தோணியைத் தண்ணீரில் விட்டு, ஏறி உட்கார்ந்து, துடுப்பை எடுத்துவிட்டேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி வருகிறாள். கையில் தூக்கு, பழையபடியே மூன்று பேருக்குப் புளிச்சோறு, அந்தக் கனம் பார்த்தாலே எனக்குத் தெரியும். இடுப்பில் போனைச் செருகியிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். முகம் அப்படி இளைத்தால் கண் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். யாரோ எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தோணியையும் பார்த்தாள், கருவாயன் கழுத்தில் இருந்த கயிற்றையும் பார்த்தாள். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்டுச் சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், அதோடு போயிருக்கும்.

"அக்கா, புள்ளையை வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. போன்ல போட்டா எடுத்தாந்திருக்கேன், ஒனக்குக் காட்டலாம்னு" என்றாள். பிறகு, "ஏறட்டுமா?" என்றாள்.

துறை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இதில் இரண்டு பேர் ஏறமுடியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் பார்த்ததுமே தெரிந்திருக்கும், அவளும் இருபத்திரண்டு வருஷம் தோணியில் போனவள்தானே?

"ஏறிப் பாரேன்" என்றேன்.

அவள் ஏறினாள். தெரிந்தும் ஏறினாள் பாருங்கள். அணியத்தில் ஒரு காலைத்தான் வைத்தாள். கருவாயன் அவளைப் பார்த்த சந்தோஷத்தில் துள்ளி எழுந்தான். நான் இந்தப் பக்கம் சாய்ந்து ஊன்றியிருந்தால் தோணி ஒருவேளை நின்றிருக்கும். அவள் தோள் இறங்கியது, பழைய பழக்கத்தில் என் கைகூட எழுந்தது. ஆனால் என் கையில் இருந்தது துடுப்பு, கழி இல்லை. கழி இருந்தால்தானே ஊன்றலாம்.

அவள் முதுகு தண்ணீரில் விழுந்தது. தூக்கு கவிழ்ந்து சோறெல்லாம் மிதந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், எனக்கு நினைவில்லை. அவள் எழுந்து முதலில் இடுப்பைத் தடவினாள். போன் உள்ளே போய்விட்டது. குனிந்து குனிந்து சேற்றில் துழாவினாள். போனை வெளியே வைத்துவிட்டு ஏறவேண்டும் என்று தெரியாதா? கடைசியில் எடுத்தாள். எடுத்து என்ன, உப்புத் தண்ணீர் போனால் போனதுதான்.

கருவாயன் அவள் விழுந்ததுமே குதித்துவிட்டான். அவள் துழாவிய நேரமெல்லாம் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்தான். அவள் கரையேறினாள், அவனும் ஏறி உடம்பை உதறினான். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஈர முதுகு தெருவில் போவதை நான் தோணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே இவனும் போனான், கழுத்தில் நான் கட்டின கயிற்றோடு.

"டேய் கருவாயா, வாடா" என்று கூப்பிட்டேன். காதைக்கூடத் திருப்பவில்லை.

அன்றைக்கு நான் தனியாகப் போனேன். சந்தானம் சொன்னது சரிதான். அணியம் மேலே தூக்கிக்கொண்டது. காற்று அடித்தபோதெல்லாம் தோணி மூக்கைத் திருப்பித் துறைப் பக்கமே காட்டியது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. மறுநாள் ஒரு சிமெண்டுச் சாக்கில் அவன் எடைக்கு மணலைக் கட்டி அணியத்தில் வைத்தேன். அதோ, மரத்தடியில் கிடக்கிறதே, அந்த மூட்டைதான். இரண்டு சீசன் அதை வைத்துக்கொண்டுதான் போனேன். குறை ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் போயிற்று. நான் பேசினால் அது காதைத் திருப்பாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோசலை இப்போது அமிர்தவல்லியின் புதுத் தோணியில் போகிறாள். வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு வேலிதான் இருக்கிறது, பேச்சு இல்லை. அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதாம், பாட்டி வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் கொலுசுச் சத்தம் கேட்கிறது. நான் பார்த்ததில்லை. என்ன பெயர் வைத்தார்கள் என்று யாரோ சொன்னார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் ஒருமுறை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா" என்றாள். எனக்கு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது அவள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் அல்லவா?

வாருங்கள், நாயை அவிழ்த்துக் கொண்டுவாருங்கள். தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நீங்கள் பின்னால் உட்காருங்கள். மெதுவாக. நாயை முன்னால் விடுங்கள்... பார்த்தீர்களா, சொல்லாமலே அந்த இடத்துக்குப் போய்ப் படுக்கிறது. எல்லா நாயும் அங்கேதான் படுக்கும் போலிருக்கிறது. துடுப்பைப் போடுங்கள். பாருங்கள், எவ்வளவு நேராகப் போகிறது.

போதும், வந்துவிடுங்கள். கரைக்கு வந்துவிடுங்கள். இல்லை, ஒன்றும் இல்லை, அதோ அந்தத் தோணிக்கு வழி விடத்தான் சொன்னேன். முன்னால் தலையில் துண்டு கட்டியிருக்கிறவள்தான் கோசலை. பார்க்காதீர்கள். அவள் காலடியில் நிற்கிறவன் கருவாயன். குரைக்கிறான் கேளுங்கள். உங்கள் நாயைப் பார்த்துக் குரைக்கவில்லை, தம்பி. என்னைப் பார்த்துத்தான். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

போய்விட்டார்களா? சரி.

தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? நாளைக்கு யாராவது, 'நானும் வருகிறேன்' என்று வந்து நிற்கமாட்டார்களா? நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். சந்தானத்திடம் அந்த இரண்டாவது மாதிரி இன்னும் இருக்கிறது, அடி தட்டை, நாலடி அகலம். என்ன, என் தோணியை நானே வேண்டாம் என்கிறேனா? இல்லை, இல்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். மணல் மூட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் நாய் ஒருநாள் வரவில்லையென்றால் வேண்டியிருக்கும்.

எனக்கு அந்த அகலத் தோணியைத்தான் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இறக்குகிறேன். முழங்காலை நீட்டி உட்காரலாம், அதற்காகத்தான் அவ்வளவு அகலம். அணியத்தில் உட்கார ஒரு பலகைகூடப் போடச் சொல்லியிருக்கிறேன். அது சும்மா, பார்க்க நன்றாக இருக்கும் என்று.

கோசலையைக் கூப்பிடலாமே என்கிறீர்கள். உங்களுக்குப் புரியாது, தம்பி. அவள்தான் வந்து கேட்கவேண்டும். அமிர்தவல்லியும் வரமாட்டாள். துறையில் யாரைக் கேட்டாலும், 'நாயை உட்காரவைத்தவள்தானே' என்பார்கள். வெறும் அணியத்தோடு இறக்கவும் கூடாது.

நீங்கள் தோணியை எடுத்துப்போக எப்படியும் ஒரு வண்டி கொண்டுவரவேண்டும். அதை வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுவாருங்களேன். ஐந்து நிமிஷம் அந்தப் பலகையில் உட்கார்ந்தால் போதும். ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன், தோணி தண்ணீரில் இறங்கியதும் நீங்கள் இறங்கிவிடலாம். நீங்கள் வெளியூர், கூட்டாளி என்று யாரும் உங்களைப் பிடித்துவைக்க மாட்டார்கள். நான் புளிச்சோறு கட்டித் தருகிறேன்.

வரும்போது நாயை மட்டும் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.